பதினாலாம் நம்பர் காட்டில் இருபத்தைந்து நிமிடம்

2023 நவம்பர் 7, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். நான் அலாரம் வைப்பதில்லை. ஐந்துக்கு இரண்டு மூன்று நிமிடம் முன்பின்னாகத் தானாக விழிப்பு வந்துவிடும். மழை இல்லை. பின்கதவைத் திறந்தபோது கிழக்கே மலைக்கு மேல் விடிவெள்ளி தெரிந்தது. அதற்குக் கீழே பள்ளிவாசல் ஊர்ப் பக்கத்துப் பள்ளத்தாக்கு முழுவதையும் மூடுபனி நிறைத்திருந்தது. அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டுப் பல் துலக்கினேன். பால் இல்லாமல் ஒரு கிளாஸ் கட்டன் சாயா குடித்தேன். மனைவி ஐந்தரைக்கு எழுந்து இருவருக்கும் சோறு கட்டினாள். அட்டை ஏறாமல் இருக்கக் கால்களில் சோப்பும் உப்பும் குழைத்துத் தடவி, பூட்ஸ் போட்டு, சட்டைப் பையில் நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டு ஐந்து ஐம்பத்தைந்துக்கு இறங்கினேன். அன்று காலை பத்து நாற்பது வரைக்கும் எனக்கு மிஞ்சியது ஏறக்குறைய இவ்வளவுதான். அதனால்தான் ஒன்றும் விடாமல் எழுதுகிறேன்.

நான் தேயிலை எஸ்டேட்டில் சூப்பர்வைசர். வயது ஐம்பத்திரண்டு. தேயிலை நட்டிருக்கும் ஒவ்வொரு பகுதியையும் நாங்கள் காடு என்போம், நம்பர் போட்டு. உண்மையான காட்டுக்குச் சோலை என்று பெயர். எங்கள் டிவிஷனில் சோலையை ஒட்டி இருப்பது பதினாலாம் நம்பர். யானைகள் சோலையிலிருந்து இறங்கி அதன் வழியாகத்தான் கீழே ஓடைக்குப் போகும். பனி விழுந்திருக்கும்போது ஒரு யானை பத்தடி தூரத்தில் நின்றாலும் தெரியாது. தெரிவதற்கு முன் அதற்கு நம்மைத் தெரிந்துவிடும். ஆகவே முப்பத்திரண்டு பெண்கள் அங்கே கொழுந்து எடுக்க இறங்குவதற்கு முன் ஒருவர் மேட்டுப் பாறையில் ஏறி நின்று சுற்றிலும் பார்த்துவிட்டு வர வேண்டும். பத்தொன்பது வருடமாக அந்த ஒருவர் நான். முப்பத்திரண்டு பேரில் என் மனைவியும் ஒருத்தி.

பெண்களிடம் இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. "யானை இல்லை" என்று சொன்னால் இறங்க மாட்டார்கள். ஃபோனில் செய்தி போட்டாலும் ஏற்க மாட்டார்கள். பார்த்தவர் பெரட்டுக்கு, அதாவது காலையில் எல்லோரும் கூடி வேலை பிரிக்கிற இடத்துக்கு, நேரில் வந்து நிற்க வேண்டும். கூட்டத்தில் மூத்தவளான ஒருத்தி கேட்பாள்.

"பார்த்தியா?"

"பார்த்தேன்."

"யார் கண்ணால?"

"என் கண்ணால."

அதன் பிறகுதான் சாக்கை இடுப்பில் கட்டுவார்கள். எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் ஒருநாள் பாறைக்குப் போகாமல், டிராக்டர் ஓட்டுபவர் சொன்னதைக் கேட்டு, "இல்லை, போங்க" என்றார். அன்று மாலை முப்பத்தொரு பேர்தான் திரும்பினார்கள். அதிலிருந்து வந்த வழக்கம் இது. மேலாளர்கள் மாறி மாறி வந்தும் யாரும் இதில் கைவைத்ததில்லை.

அன்று வழியில் கல்வெர்ட்டின் மேல் இடது காலைத் தூக்கி வைத்து பூட்ஸ் நாடாவை இறுக்கினேன். கைக்கடிகாரத்தில் ஆறு பன்னிரண்டு. நாடாவின் நுனி நைந்து இரண்டாகப் பிரிந்திருந்தது. சாயங்காலம் அதில் மெழுகு தேய்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

அடுத்தது, கொழுந்து நிறுக்கும் ஷெட்டில் நிற்கிறேன். வலது கையில் டீ கிளாஸ். பாதி குடித்திருக்கிறேன், சூடு இன்னும் ஆறவில்லை.

இரண்டுக்கும் நடுவில் இருட்டு எதுவும் இல்லை. தூங்கி எழுந்தால் தூங்கினோம் என்று தெரியும். மயங்கி விழுந்தால் எங்கோ வலிக்கும். இது அப்படி இல்லை. நாடாவை விட்ட விரல்கள் கிளாஸைப் பிடித்திருந்தன. ஒரு புத்தகத்தில் நடுத்தாள் சில கழன்று விழுந்தபின் மீதியைத் தைத்துவிட்டால், படிப்பவனுக்குத் தாள் போனது தெரியாது, வாக்கியம் பொருந்தாததுதான் தெரியும். அந்த மாதிரி.

மூத்தவள் எனக்கு எதிரே நின்று என் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். "சொல்லு தம்பி. நாளைக்கும் இதே காடா, இல்ல பதினொண்ணா?"

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நாற்பது.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்க? டீல ஈ கெடக்கா?"

பின்னாலிருந்து வேறொருத்தி, "ராத்திரி வீட்ல சோறு போடல போல," என்றாள். "போட்டேன், போட்டேன். உப்புதான் போடல," என்றது என் மனைவியின் குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

இடது கையில் நோட்டு விரிந்திருந்தது. முதல் எடை முழுவதும் ஏறியிருந்தது, முப்பத்திரண்டு பேருக்கும். பென்சில் எழுத்து என்னுடையது. ஏழுக்கு நடுவே நான் போடும் குறுக்குக் கோடு எல்லா ஏழிலும் இருந்தது. கடைசி எடை மட்டும் சற்று முன் எழுதியது போல் பளபளத்தது. ஒரு அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை.

"இதே காடுதான்," என்று என் வாய் சொன்னது. மூத்தவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

அவர்கள் மறுபடி காட்டுக்குள் இறங்குவதற்கு முன் மனைவியை ஷெட்டுக்குப் பின்னால் அழைத்துப் போனேன்.

"காலையில நான் பெரட்டுக்கு வந்தேனா?"

"வராம? இது என்ன கேள்வி?"

"எத்தனை மணிக்கு?"

"ஏழே காலுக்கு, எப்பவும் போல. ஏங்க, என்ன பண்ணுது உங்களுக்கு?"

"அக்கா கேட்டாங்களா? நான் சொன்னேனா?"

"கேட்டாங்க, சொன்னீங்க." கொஞ்சம் யோசித்தாள். "இன்னைக்கு ஒண்ணு கூடுதலாச் சொன்னீங்க."

"என்ன சொன்னேன்?"

"யார் கண்ணாலன்னு கேட்டதுக்கு, 'என் கண்ணால. அவனும் பார்த்தான்'னீங்க. நாங்க எல்லாரும் சிரிச்சோம். நீங்க சிரிக்கல."

நோட்டில் எடைகளுக்கு முந்தைய பக்கத்தைத் திருப்பினேன். ஒவ்வொரு நாளும் அங்கே ஒரே ஒரு வரிதான் எழுதுவேன்: நேரம், பிறகு 'காடு சும்மா', அதாவது யானை இல்லை. அன்று ஐந்து வரிகள் இருந்தன.

6.41. சோலை ஓரம் கொம்பன். தனி.
6.49. இறங்கி வருகிறான்.
6.55. பக்கத்தில்.
7.02. மேலே போனான். சோலைக்குள்.
7.06. காடு சும்மா.

அதற்குக் கீழே, இடம் விட்டு, 'பயம் இல்லை' என்று இருந்தது. எனக்கு யானை என்றால் பயம். பத்தொன்பது வருடத்தில் ஒருநாளும் அந்தப் பயம் குறைந்ததில்லை. அது நோட்டில் எழுதுகிற விஷயமும் இல்லை.

பன்னிரண்டு மணிக்கு எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் மலைக்குக் கீழே கோபாலபுரம் பக்கத்துப் பெண், விவசாயக் குடும்பம். வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. முப்பது வயதுகூட இருக்காது. கண்ணில் வெளிச்சம் அடித்தார், கையைத் தூக்கச் சொன்னார், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். இரண்டு வரை தப்பில்லாமல் கழித்தேன்.

"ஏனுங்க, காத்தால யாருகிட்டயாச்சும் கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்டீங்களாமா? 'இது எந்த இடம், இன்னிக்கு என்ன கெழம'ன்னு?"

"இல்லைன்னு சொல்றாங்க, டாக்டர். எப்பவும் போல இருந்தேனாம்."

"அதுதானுங்க எனக்குப் புரியல. இந்த மாதிரி ஞாபகம் போறவங்க அந்நேரத்துல திகைச்சுப் போயி நிப்பாங்க. நீங்க எடை போட்டுருக்கறீங்க." நோட்டை வாங்கிப் பார்த்தார். "எழுத்து என் எழுத்தவிட நல்லாருக்குதுங்க."

இது என்ன நோய் என்று இப்போதே பெயர் வைக்க முடியாது, ஸ்கேன் எடுக்க வேண்டும், திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார். (பிறகு எடுத்த ஸ்கேனில் ஒன்றும் இல்லை. இதுவரை திரும்ப வரவும் இல்லை.) மூன்று நாள் விடுப்புக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தவரிடம், எனக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்ததைக் கேட்டேன்.

"அந்த நாலரை மணி நேரம் நான் இருந்தேனா, டாக்டர்?"

அவர் பேனாவை வைத்துவிட்டு யோசித்தார். "எங்கூட்டுத் தோப்புல மோட்டாரப் போட்டுட்டு எங்கப்பா கட்டல்ல தூங்கிருவாருங்க. அவரு தூங்கறாருன்னு தண்ணி நின்னுருமுங்களா? ஒவ்வொரு தென்னைக்கும் பாயறது பாஞ்சுட்டுதானுங்க இருக்கும்."

"தண்ணி சரி. அப்பா எங்கே?"

"அது எனக்குத் தெரியாதுங்க," என்றார் டாக்டர். சிரிக்கவில்லை. "நீங்க முழுசா முழிப்போட இருந்து, மனசுக்குள்ள எழுதி வைக்கறது மட்டும் நின்னு போயிருக்கலாம். இல்லைன்னா உள்ள யாரும் இல்லாமயே கையும் காலும் வேலையப் பாத்துட்டு இருந்திருக்கலாம். வெளிய இருந்து பாக்கறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்க. இப்ப உங்களுக்கும்."

அந்தக் கடைசி வார்த்தை என்னோடு வந்தது. ஆஸ்பத்திரிப் படியிறங்கும்போது என் கால்களைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். நான் சொல்லித்தான் அவை ஒவ்வொரு படியாக இறங்குகின்றனவா என்று கவனித்தேன். அப்படி ஒன்றும் இல்லை. அவை பாட்டுக்கு இறங்கின. கவனித்ததால் ஒருமுறை தடுமாறினேன்.

பிற்பகல் மூன்றரைக்கு ஆபீஸிலிருந்து அளவு டேப் ஒன்றை வாங்கிக்கொண்டு, வேலை முடித்து வந்த மனைவியோடு பதினாலாம் நம்பருக்குப் போனேன். நல்ல வெயில். பாறையில் முதலில் ஏறி வெகுநேரம் பார்த்தோம். பிறகு சோலை ஓரத்துக்கு நடந்தோம். அங்கே ஒரு ஊற்று கசிகிறது, எப்போதும் சேறு. என் பூட்ஸின் இடது குதிகால் வெளிப்பக்கம் தேய்ந்தது. தடம் பார்த்தால் சந்தேகம் வராது. பாறையிலிருந்து இறங்கி, நேராகச் சேற்றுக்கு வந்திருக்கிறேன். ஓடி வந்த தடம் இல்லை, சாதாரண நடைதான். ஒரு இடத்தில் இரண்டு காலும் இணையாகப் பதிந்து, குதிகால் ஆழமாக இறங்கி, அதில் தண்ணீர் ஊறி நின்றது. எவ்வளவு நேரமோ அசையாமல் நின்றிருக்கிறேன்.

எதிரே யானையின் தடம். முன்கால் தடத்தின் சுற்றளவை அளந்து இரண்டால் பெருக்கினால் தோள் உயரம் வரும். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு இது. ஒன்பது அடிக்குச் சற்று மேல் வந்தது. அதன் முன்கால் நகத்துக்கும் என் பூட்ஸ் முனைக்கும் இடையே மூன்று மீட்டர் எண்பது. நான் பின்வாங்கியதாக ஒரு தடமும் இல்லை. முன்னால் இரண்டு எட்டு வைத்த தடம் இருந்தது.

டேப்பைச் சுருட்டிவிட்டு என் தடத்தின் மேலேயே ஏறி நின்றேன். பூட்ஸ் சரியாகப் பொருந்தியது. கண்ணை மூடினேன். அந்த இடம் எதையாவது திருப்பித் தரும் என்று எதிர்பார்த்தேன்: ஒரு வாசம், ஒரு மூச்சுச் சத்தம். எதுவும் வரவில்லை. ஊற்று கசியும் சத்தம் மட்டும் கேட்டது. அது காலையிலும் கசிந்திருக்கும்.

"வாங்க, போவோம்," என்றாள் மனைவி. "அங்க நிக்காதீங்க."

"ஏன்?"

"என்னமோ பண்ணுது எனக்கு. உங்க சட்டையப் போட்டுக்கிட்டு வேற யாரோ நிக்குத மாதிரி இருக்கு."

நான் இறங்கிவிட்டேன். ஆனால் அவள் சொன்னதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன், தலைகீழாக. காலையில் அங்கே நின்றவருடைய தடத்தில் வேறு யாரோ ஒருவனாக நான் ஏறி நின்றிருந்தேன். அன்று ஆறு ஐம்பத்தைந்துக்கு அந்தச் சேற்றில் நடந்ததை அறியக்கூடியவர்கள் இரண்டு பேர். ஒருவருக்குள் அது இல்லை. இன்னொருவர் எங்களுக்கு மேலே, சோலைக்குள் எங்கோ, மரப்பட்டை உரித்துக்கொண்டு நிற்கிறார். என் வியர்வையின் வாசம், நான் ஏதாவது பேசியிருந்தால் அந்தக் குரல், நான் இரண்டு எட்டு முன்னால் வைத்தது, எல்லாம் அந்தத் தலைக்குள் இருக்கிறது. என் வாழ்க்கையின் ஏழு நிமிடம் ஒரு விலங்கிடம் மட்டும் இருக்கிறது, கேட்டு வாங்க முடியாது.

மரங்களுக்கு நடுவே இருட்டாக இருந்தது. அங்கிருந்து பார்த்தால் நாங்கள் நன்றாகத் தெரிவோம் என்பது அப்போதுதான் உறைத்தது. நடையை எட்டிப் போட்டோம்.

வீட்டுக்கு வந்ததும், இருபத்தாறு வருடமாக நான் தினமும் எழுதிவரும் டைரிகளையெல்லாம் பெட்டியிலிருந்து எடுத்தேன். அன்றைய பக்கத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பழையதைப் பார்த்தால் கை தானாக வரும் என்று நினைத்தேன். 2013 ஆகஸ்டில் ஒரு பக்கம் விரிந்தது. 'மழை. மதியம் வரை ஆபீஸ். பிறகு மாட்டுப்பட்டி போய்த் திரும்பினேன். பஸ்ஸில் நிற்க இடம் இல்லை. இரவு ரசம்.' மாட்டுப்பட்டிக்கு எதற்குப் போனேன்? தெரியவில்லை. மழை, பஸ், ரசம், ஒன்றுமே எனக்குள் இல்லை. வேறு பக்கங்களைப் பிரித்தேன். கண்ணை மூடிக்கொண்டு பதினொரு பக்கம் எடுத்ததில் ஒன்பது பக்கங்களுக்கு நான் வெறும் வாசகன். யாரோ ஒருவர் ஏழுக்குக் குறுக்குக் கோடு போட்டு, ஒழுங்காக, ஒருநாள் விடாமல் எழுதி வைத்திருக்கிறார். அவர் உள்ளே விழிப்போடு இருந்தாரா, கை மட்டும்தான் எழுதியதா என்பதற்கு அந்தப் பக்கங்களிலும் சாட்சி இல்லை. இன்று காலையோடு ஒப்பிட்டால் ஒரே வித்தியாசம், அந்த நாள்கள் போனபோது நான் பயப்படவில்லை.

நான் இருப்பதால்தான் நாள் இருக்கிறது என்று எனக்கு ஒரு எண்ணம் இருந்திருக்கிறது, அன்றைக்குத்தான் தெரிந்தது. பாறையில் நான் ஏறி நின்று பார்ப்பதால் காடு காடாக இருக்கிறது என்பது போல. தேயிலை வருவதற்கு முன் இந்த மலையில் எத்தனை ஆயிரம் வருடம் மழை பெய்திருக்கும். மனிதன் வருவதற்கு முன், யானைகூட வருவதற்கு முன், விடிவெள்ளி அதே இடத்தில் எரிந்திருக்கும், யாருக்கும் காட்டாமல். அதற்கு ஒரு குறையும் இல்லை. நடுவில் ஒரு சின்ன வெளிச்சம் வந்து, "நான் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு அணைகிறது. அன்று நாலரை மணி நேரம் அது அணைந்திருந்தது. கொழுந்து வளர்ந்தது, எடை ஏறியது, யானை வந்து போனது, என் மனைவி சிரித்தாள்.

ஆறரைக்கு மூத்தவள் வந்தாள். மனைவி சொல்லியிருக்கிறாள். வந்தவள் நாற்காலியில் உட்காராமல், வாசல்நிலையில் சாய்ந்து நின்றாள்.

"லீவு போட்டியாமே?"

"சீட்டு கொடுத்துட்டேன் அக்கா. மூணு நாள்."

"நாளைக்கு யாரு பார்க்கப் போறா?"

பக்கத்து டிவிஷன்காரர் வருவார் என்றேன். அவரை எங்களுக்குத் தெரியும். ஜீப்பை ரோட்டில் நிறுத்தி, ஹார்ன் அடித்து, கண்ணாடியை இறக்கிப் பார்ப்பார். சோலை ஓரம் ரோட்டிலிருந்து தெரியாது.

"அவன் சொல்லுக்கு ஒருத்தியும் எறங்க மாட்டா," என்றாள். "ஜோலி போனாலும் சரி. நீ வந்து சொன்னா எறங்குதோம்."

"எப்படிச் சொல்லுவேன்? காலையில சொன்னது நான்தானான்னே எனக்குத் தெரியல."

"நீதான் சொன்ன. உன் மூஞ்சி, உன் வாயி. காடும் சும்மாதான் இருந்துச்சு."

"நாளைக்கும் அப்படி ஆயி, நாளைக்கு அந்த ஆள் பார்க்காமலே வந்து சொல்லிட்டா?"

அவள் என்னைக் கூர்ந்து பார்த்தாள். "ஏன் தம்பி, பத்தொம்பது வருசமா சொல்லுதியே. அதுல எத்தனை நாளு நெசமா பார்த்த?"

வழக்கமான கிண்டல்தான். வேறு நாளாக இருந்தால் நானும் ஏதாவது சொல்லிச் சிரித்திருப்பேன். மனைவி அடுப்படியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். நான் சொல்லிவிட்டேன்.

"ஜூலையில ஒருநாள் பார்க்கல, அக்கா."

"என்னது?"

"பாறையில ஏறி நின்னேன். பனி. என் கையே எனக்குத் தெரியல. விலகட்டும்னு பத்து நிமிஷம் நின்னேன், விலகல. வெளியூர்ல படிக்கிற மகளுக்கு அன்னைக்குப் பரீட்சை. எழுந்தாளா, பஸ்ஸைப் பிடிச்சாளான்னு அதையே நினைச்சுக்கிட்டு இறங்கி வந்துட்டேன். நீங்க கேட்டீங்க. என் கண்ணாலன்னு சொன்னேன்."

சட்டி கழுவும் சத்தம் நின்றது.

"அன்னைக்கு எனக்கு மேல் வரிசை," என்றாள் மனைவி, அடுப்படிக்குள்ளிருந்தே. "சோலைக்கு ஒட்டுனாப்புல."

அந்த ஜூலை நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முழு விழிப்போடு இருந்தேன், என் பெயர் தெரியும், மணி தெரியும். அன்று பொய் சொன்னவன் நான். இன்று காலை, நான் இல்லாத நேரத்தில், யாரோ பாறையிலிருந்து இறங்கிப் போய், அந்த விலங்கு திரும்பிச் சோலைக்குள் நுழையும்வரை நின்று, அதற்குப் பிறகும் நாலு நிமிடம் காத்திருந்து, பிறகுதான் 'காடு சும்மா' என்று எழுதியிருக்கிறார். இரண்டு பேரில் யாரிடம் என் மனைவியை ஒப்படைப்பேன் என்று கேட்டால், பதில் எனக்குப் பிடிக்காத பதில்தான்.

மூத்தவள் முந்தானையை உதறித் தோளில் போட்டாள். "ஏழே காலுக்கு நான் கேப்பேன்," என்றாள். "என்ன சொல்லணும்னு யோசிச்சு வை. வாய்க்கு வந்ததச் சொல்லாத." போய்விட்டாள்.

எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். ஜெபிப்பது எப்போதும் மனைவிதான். அன்று அவள், "எங்கள் கண்ணுக்கு மறைந்திருந்த நேரத்திலும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவரே" என்று ஆரம்பித்தாள். அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது, குரலில் தெரிந்தது. எனக்கு இல்லை. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் இருந்தால் ஜூலையையும் பார்த்திருப்பார். யாரும் இல்லை என்றால், அந்த மேல் வரிசையில் அவள் பனிக்குள் குனிந்து நின்ற நேரத்தை இந்த அண்டம் முழுவதிலும் காவல் காத்தது எதுவும் இல்லை. காக்க வேண்டியவன் பஸ்ஸை நினைத்துக்கொண்டிருந்தான். இரண்டில் எது மோசம் என்று ஆமென் சொல்லும்வரை முடிவு செய்ய முடியவில்லை.

ஜெபம் முடிந்ததும் அவள் கேட்டாள். "ஜூலையில தெரிஞ்சேதான் என்னை அனுப்புனீங்களா?"

"உன்னை அனுப்புறோம்னு நினைக்கல. எதையும் நினைக்கல. வாய் சொல்லிருச்சு."

"அப்ப அன்னைக்குத்தான் நீங்க அங்க இல்ல," என்றாள். பாயை விரித்து விளக்கை அணைத்தாள்.

அணைப்பதற்கு முன் டைரியில் ஐந்திலிருந்து ஆறு பன்னிரண்டு வரை எழுதியிருந்தேன், பத்து நாற்பதிலிருந்து மாலை வரை எழுதியிருந்தேன். நடுவில், நோட்டிலிருந்த ஐந்து வரிகளையும் அப்படியே பெயர்த்து எழுதி, 'என் எழுத்து. நான் அறியேன்' என்று குறித்தேன். 'பயம் இல்லை' என்பதைப் பெயர்க்கவில்லை. அது அவருடையது.

இருட்டில் படுத்திருந்தபோது, இப்போது நானாக இருப்பது எந்த இடத்தில் நிற்கப் போகிறது என்று பார்க்க முயன்றேன். தூக்கம் வரும் கணத்தைப் பிடிக்க வேண்டும் என்று. பிடிக்க முடியவில்லை. யாராலும் முடியாது போல.

புதன்கிழமை நாலு நாற்பதுக்கு விழித்தேன். தண்ணீர் வைக்கவில்லை, பல் துலக்கவில்லை. முதல் வேலையாக பேட்டரி லைட்டை எடுத்துக்கொண்டு, தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு நடந்தேன். மனைவி எழுந்து சால்வையைப் போர்த்திக்கொண்டு பின்னால் வந்தாள். மூத்தவளின் வீடு வரிசையில் கடைசி. இரண்டு முறை தட்டினேன். அவள் கதவைத் திறந்து வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினாள்.

"அக்கா, இன்னைக்குப் பாறைக்கு நீங்களும் வாங்க. நான் வழி காட்டுறேன். நீங்க பாருங்க. பனி விலகலைன்னா விலகலைன்னு நீங்களே மத்தவங்ககிட்ட சொல்லுங்க."

அவள் என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் நின்ற என் மனைவியைப் பார்த்தாள்.

"கண்ணாடி எங்க வச்சேன்னு தெரியல," என்றாள். "நில்லுங்க, தேடிட்டு வாரேன்."